அப்பாவின் அரை மணி நேரம்

மத்தியானம் பனியன் கம்பெனியில் சங்கு ஊதிய ஐந்தாவது நிமிடம் அப்பாவின் சைக்கிள் எங்கள் வாசலில் வந்து நிற்கும். பின்னல் மிஷின் ஓட்டுகிறவர் என்பதால் புருவத்திலும் மீசையிலும் பஞ்சு படிந்திருக்கும். எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் காலையோடு முடிந்துவிடும்.

மிஷின்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தொண்டையில் ஒட்டிய பஞ்சைக் கீழே தள்ள வெல்லமும் வாழைப்பழமும்தான் மருந்து. வயிறு காலியாக இருந்தால் தூசி அங்கேயே குடியேறிவிடும். அதனால் அப்பா வயிறு முட்டச் சோறு தின்பார். பிறகு ஒரு கட்டி வெல்லம், இரண்டு பழம், ஒரு டம்ளர் டீ. அப்படியே கயிற்றுக் கட்டிலில் சாய்வார். நான் அவர் மேல் ஏறிப் படுத்துக்கொள்வேன். தைப்பூசத்துக்குச் சிவன்மலைக்குப் போகும் எங்கள் வீதிக் காவடிக்கு அவர்தான் முன்பாட்டுக்காரர். ஊரே கேட்கப் பாடுகிறவர், அந்த அரை மணி நேரம் எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பார். அதில் தம்பிக்குக்கூட நான் பங்கு தரவில்லை.

அந்த வருடம் ஆடியில் அவர் குரல் கரகரத்தது. ஏதோ அடைத்திருப்பதுபோல் செருமிக்கொண்டே இருந்தார். பஞ்சுதான் என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அம்மா வெல்லத்தை இரண்டு கட்டியாக்கினாள். வைத்தியம் கூடக்கூடக் குரல் தேய்ந்தது. பக்கத்து வீதியில் ஒருவர் இப்படித்தான் குரல் கம்மி, கடைசியில் தொண்டையில் புற்று என்று போய்ச் சேர்ந்திருந்தார். அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் அடிக்கடி மூக்கைச் சிந்தினாள்.

ஐப்பசியில் கோயமுத்தூருக்குப் போனோம். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்த டாக்டர், அப்பாவின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. கல்லைத் தின்னாலும் செரிக்குமுங்க," என்றார் அப்பா பெருமையாக.

டாக்டர் சிரித்தார். புற்றுமில்லை, பஞ்சுமில்லை என்றார். தின்றவுடன் படுப்பதால் வயிற்றிலிருக்கும் புளிப்பு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்குகிறது. சிலருக்கு நெஞ்சு எரியாமலே இது வரும். வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார். அரை வயிறு சாப்பாடு, டீ கூடாது, இரவுச் சாப்பாடு பொழுதோடு, கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல், சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கவே கூடாது. வெளியே வந்ததும் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் கடைசி உத்தரவை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அப்பா சாப்பிட்டுவிட்டு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், போட்டோ எடுக்க வந்தவர்போல. மடியில் ஏறினால் வயிறு அமுங்கும் என்று அம்மா என்னை இறக்கிவிட்டாள். மார்கழியில் அப்பாவின் குரல் மணியாகத் திரும்பியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் பூசையறையில் நின்று, "முருகா, அப்பாவுக்குக் குரல் திரும்பவும் போகோணும்," என்று வேண்டிக்கொண்டேன். குரல் போனால் பழையபடி படுப்பார் என்பது என் கணக்கு.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் அப்பாவைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு அழுதேன். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து படுத்தார். சறுக்குகிறது என்று அதற்கும் அழுதேன். எழுந்து தலைமாட்டுச் செங்கற்களை உருவினார்.

"ஏனுங்க, டாக்டர் சொன்னது மறந்து போச்சுங்களா? பூசம் வருதுங்க," என்றாள் அம்மா.

"புள்ளைக்குச் சுடுது. தூங்கட்டும்."

ஐந்து மத்தியானம் அப்படிப் படுத்தார். கம்பெனிக்கும் நேரம் தாண்டியே திரும்பினார். பூசத்துக்கென்று கட்டிவைத்திருந்த புதுப் பாட்டை என் காதோரம் முழுசாகப் பாடினார்.

சிவன்மலையில் அவருக்குக் குரல் எழும்பவில்லை. பஞ்சுதான் என்றார்கள் காவடிக்காரர்கள். அப்பா மறுத்துச் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக, கூட வந்திருந்த மாமா முன்பாட்டுப் பாடினார். காவடிகள் வேறொரு தாளத்துக்கு ஆடின. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாகப் படியேறினார்.

நான் அவர் காதில், "இனி தெனமும் படுத்துக்கலாம்ப்பா," என்றேன்.

"ஆகட்டும் கண்ணு," என்றார், காற்றாகப் போன குரலில்.

என் வேண்டுதலை முருகன் கேட்டுவிட்டான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா இப்போது இல்லை. அந்தக் கட்டில் ஒரு மத்தியானத்துக்குக் கிடைத்தால் எதையும் கொடுப்பேன். அன்று அதைக் கேட்டு அழுதபோது, அவரிடம் எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாது. செங்கல்லை உருவிய அவருக்குத் தெரிந்திருந்தது.