ஆடு எட்டாத நோட்டீஸ்

பேய்க்கோபுரத் தெருப் பிள்ளைகள் லைன்மேன் வேடியப்பனைக் காத்தாடித் திருடன் என்றுதான் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை. மின்கம்பியில் மாட்டிய காத்தாடிகளை எடுத்துக் கிழித்துப் போடவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வேடியப்பன் எடுப்பார், கிழிக்கமாட்டார். சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்த நாட்களில் மட்டும் அவர் நடையில் ஒரு போலீஸ் மிடுக்கு இருக்கும். குனிந்தால் குச்சி ஒடிந்துவிடும்.

காத்தாடி விடுவதில் கெட்டிக்காரி அவருடைய மனைவி சந்திரகலாதான். கிழிசலைப் பழைய சோற்றால் ஒட்டுவாள், நூல் மாட்டப் புதிதாகச் சூத்திரம் கட்டுவாள். கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர்களும் மகள்கள் உண்ணாமலையும் தனமும் ஒரே சைக்கிளில் வேங்கிக்கால் ஏரிக்குப் போவார்கள். மே மாதத்தில் அதை ஏரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் ஆபீசிலிருந்து ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்து, கம்பம் கம்பமாக ஒட்டச் சொன்னார்கள். ‘மின்கம்பிகளுக்கு அருகே பட்டம் விடாதீர். உயிருக்கு ஆபத்து.’ வேடியப்பன் பத்து ஒட்டினார். மைதாப் பசை வாசனைக்குப் பத்தையும் ஆடு தின்றுவிட்டது. மீதியை வீட்டில் கொண்டுவந்து போட்டார்.

சந்திரகலா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்ல லேசான பேப்பருங்க. ஆட்டுக்குப் போடறதுக்கு நம்ம புள்ளைங்களுக்காவது ஆவட்டும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு நோட்டீஸ் வானத்தில் ஏறியது. அருமையாக ஏறியது. மலையைவிட உயரத்தில் நிற்கிறது என்று தனம் சத்தியம் செய்தாள். சந்திரகலாவுக்குத் தண்ணீர் தாகம். நூலைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா இருங்க."

‘சும்மா இரு’ என்ற அந்த ஒரு உபதேசத்துக்காகக் கடல் தாண்டி இந்த ஊர் ஆசிரமத்துக்கு வருகிறார்கள். வேடியப்பனுக்கு வீட்டிலேயே கிடைத்தது. கிடைத்து என்ன? இரண்டு நிமிஷம் இருந்தார். நூல் விரலைச் சுண்டிச் சுண்டி இழுத்தது. அத்தனை வருஷம் கம்பியிலிருந்து செத்த காத்தாடிகளையே எடுத்த கைக்கு, உயிரோடு ஒன்று இழுப்பது சொல்லமுடியாத சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பீடி பற்றவைத்தார்.

பீடி நெருப்பு நூலில் பட்டது. நோட்டீஸ் ஊர்ப்பக்கமாகப் புறப்பட்டுவிட்டது.

"அய்யோ, போச்சுப்பா!" என்று தனம் பின்னால் ஓடினாள். மற்றவர்கள் சைக்கிளில் துரத்தினார்கள். காத்தாடி எத்தனையோ தெருவைத் தாண்டிப்போய், அவருடைய ஆபீஸ் எஞ்சினியர் கோதண்டராமன் வீட்டுக்கு எதிரே கம்பியில் மாட்டிக்கொண்டது.

வேடியப்பன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறினார். ஃபேன் நின்றதும் தெருவே விசிறியோடு வாசலுக்கு வந்தது. பனியனோடு எஞ்சினியரும் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும் லைன்மேனைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. அதற்குள் ஓடிவந்து சேர்ந்த தனம் கீழேயிருந்து கத்தினாள்.

"கிழிக்காம எடுப்பா! அம்மா திட்டும்!"

எஞ்சினியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்தாடியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னாய்யா இது?"

"நோட்டீஸ் சார்."

"நோட்டீஸுக்கு எதுக்குய்யா வாலு?"

வேடியப்பன் கம்பத்தை இறுகக் கட்டிக்கொண்டார். "கம்பத்துல ஒட்டனா ஆடு துண்ணுடுது சார். அதான், ஆடு எட்டாத எடமா பாத்து வெச்சோம்."

முதலில் சிரித்தது எஞ்சினியரின் மனைவி. பிறகு தெரு மொத்தமும் சிரித்தது. எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மெமோ வந்தது. வேடியப்பன் அதே பதிலை எழுத்தில் கொடுத்தார். ஜூன் முதல் தேதி தானிப்பாடிக்கு மாற்றல்.

"உன் நோட்டீஸால வந்த வென" என்றார் மனைவியிடம்.

"உங்க பீடியால வந்தது" என்றாள் அவள். இரண்டு நாள் பேச்சு இல்லை.

மகள்களின் பள்ளிக்கூடத்துக்காக அவர் மட்டும் போனார். போய்ப் பார்த்தால், அங்கே கம்பி கம்மி, காற்று ஜாஸ்தி. காடு மேடெல்லாம் வெட்டவெளி. பத்து மாதம் தானே சமைத்துச் சாப்பிட்டுக் கோடைக்குக் காத்திருந்தார். பரீட்சை முடிந்த மறுநாளே சந்திரகலாவும் பிள்ளைகளும் ஒரு சாக்குப் பை நிறையக் காத்தாடியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். விதை தூவாத கடலைக் கொல்லையில் காலையும் மாலையும் அதே வேலை. பகலெல்லாம் நால்வரும் தூங்கினார்கள். ஆளுக்கு ஒரு சுற்றுக் கறுத்தார்கள்.

மே நடுவில் கோதண்டராமன் மனம் இளகி, ஊருக்கே திரும்பி வரலாம் என்று உத்தரவு அனுப்பினார். வேடியப்பன் அதைப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் தலைக்குமேல் அண்ணாந்து நூல் விட்டுக்கொண்டிருந்தாள்.

உடல்நிலையை முன்னிட்டு ஜூன் கடைசிவரை தானிப்பாடியிலேயே இருக்க அனுமதிக்க வேண்டும் என்று அன்றே மனு எழுதிப் போட்டார். காற்று அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று காரணமும் காட்டியிருந்தார்.