அஸர் பாங்கும் அரை மணி மேடையும்

காற்றுக் காலத்தில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குவதற்கு வெளிநாட்டுக்காரர் கற்பிட்டிப் பக்கம் வருவார்கள். அவர்களை நம்பித் தொடங்கிய கடற்கரை இசைவிழாவுக்கு இப்போது எங்கள் ஆட்கள்தான் கூடுதலாகப் போகிறார்கள். இந்த முறை ஒரு சனிக்கிழமை. புத்தளத்திலிருந்து ஏழு ஐம்பது பஸ்ஸில் நானும் கணவரும் போனோம். நான் கேட்கப் போனேன், அவர் வாசிக்கப் போனார்.

அவர் ஒரு கலிப்சோ குழுவில் கொங்கோ மேளம் அடிப்பவர். சென்ற வருடக் கடைசியில் இலேசாகப் பாரிசவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்தது. கிளினிக்கில் சொன்ன பயிற்சிகளை ஒரு நாளும் விடாமல் செய்வித்தேன். கை திரும்பியது. குழுவோடு ஒத்திகைக்கும் போகத் தொடங்கினார். ஆனால் வருத்தத்துக்குப் பிறகு மேடை ஏறுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அரை மணித்தியாலம் தாங்குமா என்று முதல் நாள் கேட்டபோது, தாராளமாகத் தாங்கும் என்றார். குழுவில் இருந்தவர்களுக்கும் அதையே சொல்லியிருந்தார்.

பத்து மணிக்குக் கொழும்புப் பொடியன்கள் மூன்று பேர் தொடங்கினார்கள். மின்கிற்றார் சத்தத்தில் என் பிளாஸ்டிக் கதிரை அதிர்ந்தது. அடுத்து சிலாபத்துப் பப்பரே குழு, ட்ரம்பெட் ஊதிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி மணலுக்கே வந்துவிட்டது. நல்ல வெயில். காற்று மணலை வாரி வாயில் போட்டது. நான் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டேன்.

மேடைக்குப் பக்கத்தில் நிகழ்ச்சி நேரங்களை எழுதிய பலகை இருந்தது. எங்கள் குழுவுக்கு மூன்றே கால் முதல் மூன்றே முக்கால் வரை. மூன்றரை போல பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் எங்கே பாட்டுப் போட்டாலும் பாங்கு கேட்டால் நிறுத்திவிடுவார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் இருந்து வந்து நேரம் வகுத்தவர்களுக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை. முதல் மேடை, அதிலும் நடுவில் அறுபடப் போகிறதே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு, பலகையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை எனக்கு மூன்று தரம் நன்றி சொன்னது. தனியாகக் கிற்றார் வாசித்துப் பாடும் ஒரு பெண்ணை மூன்றே காலுக்குப் போட்டு, பாங்குக்கு இடைவெளி விட்டு, எங்கள் குழுவை மூன்றே முக்காலுக்கு மாற்றி எழுதியது. நான் பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்த திருப்தியோடு மேடைக்குப் பின்னால் போனேன்.

கணவர் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பார்சலை அப்படியே மூடினார்.

"ஆர் மாத்தச் சொன்னது?"

நான்தான் என்றேன்.

"அது நான் கேட்டு எடுத்த நேரம்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினைஞ்சு நிமிசத்துக்கு மேல இந்தக் கை நிக்காது. பாங்குக்கு நிப்பாட்டினா அஞ்சாறு நிமிசம் ஆறலாம். ஏன் நிப்பாட்டினது எண்டு இஞ்ச ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

நான் திரும்பி ஓடினேன். அதற்குள் புது நேரத்தை இரண்டு தடவை அறிவித்துவிட்டார்கள். அந்தப் பாடகிப் பிள்ளையின் தாய் தகப்பன், அவளைக் கூட்டிப் போகும் வான் வண்டியை அதற்கேற்ப முன்கூட்டியே வரச் சொல்லிவிட்டார்களாம். இனி எதைச் சொல்லி மாற்றுவது? எங்கள் குழுவின் பாட்டுக்காரத் தம்பியிடமாவது சொல்லிவிடுவோமா என்று திரும்பி வந்து கணவரிடம் கேட்டேன். அந்தத் தம்பி கற்பிட்டிக்காரர், குழுவுக்குப் பொறுப்பு அவர்தான்.

"வேண்டாம். தெரிஞ்சா வேற ஆள் தேடுவான். தேடாட்டிப் பாவம் பாப்பான். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு மூன்று குழுக்கள் வாசித்தன. என்ன வாசித்தார்கள் என்று என்னைக் கேட்டால் தெரியாது. மூன்று முப்பத்தொன்றுக்குக் காற்றில் துண்டு துண்டாகப் பாங்கு வந்தது. பாடகிப் பிள்ளை கிற்றாரை மடியில் சாய்த்தாள். தேநீர்க் கடைக்காரரும் தன் வானொலியை நிறுத்தினார். அந்த அமைதியில் என் கணவர் கையை மடியில் வைத்து ஆறிக்கொண்டிருக்க வேண்டியவர். நான் கெடுத்துவிட்டேன்.

மூன்று நாற்பத்தேழுக்கு ஏறினார்கள். முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. சனம் எழும்பி ஆடியது. நான் அவருடைய இடது கையை மட்டும் பார்த்தேன். பதினாறாவது நிமிடத்தில், மூன்றாவது பாட்டின் நடுவில், அந்தக் கை ஒரு அடி பிந்தியது. பிறகு இன்னொன்று. பிறகு மேளத் தோலின் மேல் அப்படியே கிடந்தது. வலது கை மட்டும் ஓடியது. ஆடியவர்கள் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அடுத்ததைத் தொடங்குவார் என்று பார்த்தால், பாட்டுக்காரத் தம்பி மைக்கைப் பிடித்துக் கதைக்கத் தொடங்கினார். வெள்ளைக்காரரைக் கைகாட்டி, "இவங்க பட்டத்தப் புடிச்சிக்கிட்டுக் கடலுக்குப் போறாங்க. எங்கட வாப்பா பட்டத்தப் புடிச்சா உம்மா ஊட்டுக்குள்ளயே எடுக்க மாட்டா" என்றார். சனம் சிரித்தது. அதைச் சிங்களத்தில் ஒரு தரம், அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு தரம் சொன்னார். பிறகு தன் மாமியாரைப் பற்றி ஒரு கதை. நேரத்தை இப்படி வீணாக்குகிறாரே என்று முதலில் நினைத்தேன். கணவர் கையைத் தொங்கவிட்டு விரல்களை உதறுவதைக் கண்ட பிறகு, இன்னும் கதைக்கட்டும் என்று மாதாவை வேண்டினேன். நான்கரை நிமிடம் கதைத்தார்.

கடைசி இரண்டு பாட்டுக்கும் இடது கை வந்தது. பழைய பலம் இல்லை, ஆனால் தாளம் தவறவில்லை. நான்கு பதினாறுக்கு முடிந்தது.

மேடைக்குப் பின்னால் நான் போய்ச் சேரும்போது பலகைப் பிள்ளையும் அங்கே நின்றது. அடுத்த குழுவின் வான் இன்னும் வரவில்லையாம். இன்னும் பத்து நிமிடம் வாசிக்க முடியுமா என்று கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் திறந்தது போதும்.

கணவர் பாட்டுக்காரத் தம்பியைப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "என்ர இடது கை களைச்சுப் போச்சு பிள்ளை. இனி ஏலாது" என்றார்.

பாட்டுக்காரத் தம்பி வயரைச் சுருட்டியபடி நிமிராமலே சொன்னார். "எனக்கு அது ரெண்டு மாசமா வெளங்கும் அண்ணே. இல்லாட்டி என்னத்துக்கு மாமியப் போய் மேடையில ஏத்துறேன்? அவ காதுக்குப் போனா எனக்குச் சோறில்ல."

கணவர் மேளத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப இந்தக் கொங்கோவையும் நீயே தூக்கு" என்றார்.

ஐந்து மணிக்கு உடப்பிலிருந்து வந்தவர்கள் வலை இழுக்கும் பாட்டுகளை மேளத்தோடு பாடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் முன் வரிசையில் இருந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம்.