மதினி போடாத வாய்க்கரிசி

எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் சேரும் காலாட்படை ரெஜிமெண்டுக்கு, ராமநாதபுரம் போகும் சாலையில் போன வருஷம் சிலை வைத்தார்கள். என் அண்ணன் அந்தப் படையில் இருந்துதான் இறந்தார். எல்லையிலிருந்து மூடிய பெட்டியில் வந்தார். திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். நாங்கள் வாய்க்கரிசியைப் பெட்டி மூடிமேல் போட்டோம். அரிசி வழுக்கிக் கீழே விழுந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, மட்டும் போடவில்லை.

"முகத்தையே காட்டல. நான் யாருக்குப் போட?" என்று கையை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பொட்டை எடுக்கவில்லை. ஊரில் பேசினார்கள். ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் கடலில் நான் மட்டும் இறங்கி அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வருவேன். வாங்க என்று மதினியை ஒரு தடவைகூட கூப்பிட்டதில்லை. எனக்கு வாய் வராது.

சிலையை ஏற்றி நிறுத்திய அன்று பார்க்கப் போனேன். தலை குனிந்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் சிப்பாய்.

"ஏலே, துப்பாக்கியத் தலைகீழால்ல வச்சுட்டாய்ங்க" என்றார் டீக்கடையில் ஒருவர்.

"எறும்பச் சுடப் போறாரு போல" என்றார் இன்னொருவர்.

அண்ணன் பெட்டிக்கு முன்னால் சிப்பாய்கள் அப்படித்தான் நின்றார்கள். அதைச் சொல்லாமலே டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மதினி கேட்டார். "முகம் யாரு மாதிரி இருக்கு தம்பி?"

"குனிஞ்சிருக்கு மதினி. கிட்டப் போனாத்தான் தெரியும்."

"நீ கிட்டப் போகலையா?"

"போகல."

திறப்பு விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு இருவரும் போனோம். மதினி பீடத்தை ஒட்டிப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் சாலை ஓரத்திலேயே நின்றேன்.

"அவுக இல்ல" என்றார்.

பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். சிப்பாயின் பார்வை எங்கே விழுகிறது என்று கீழே தேடினார். தான் நிற்கும் இடத்தில்தான் விழுந்தது. யாரையோ மிதித்துவிட்டதுபோல் சட்டென்று விலகினார்.

"அன்னைக்குப் பெட்டிகிட்ட சிப்பாய்க நின்னாகள்ல, அது மாதிரித்தான் இவரும் நிக்கிறாரு. அப்ப அவுக இங்கனதான படுத்திருக்காக."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பச்சரிசி. அவர் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, அந்த வெறும் தரையில் மூன்று தடவை போட்டார். அரிசி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "ஆடி அமாவாசைக்கு நானும் வாரேன் தம்பி."

"காலையில வெள்ளனக் கிளம்பணும் மதினி" என்றேன்.