பஸ்ராத் தேசிக்காய்

போன கிழமை டுசல்டோர்ஃபில் மழைக்கு ஒரு ஈரானியக் கடைக்குள் ஒதுங்கினேன். ஒரு தட்டு நிறையக் கறுத்துக் காய்ந்த தேசிக்காய், எலுமிச்சை என்பார்களே அதுதான். ஊறுகாய்க்கு வெயிலில் வைத்து மறந்துபோன காய்களைப் போலிருக்கும். ஒன்றை எடுத்து மணந்ததும் என் வலது உள்ளங்கை தானாகச் சுருங்கியது. எனக்கு முந்தி அதற்கு ஞாபகம் வந்துவிடுகிறது, என்ன செய்ய!

எண்பதுகளில் ஜெர்மனிக்கு வந்து நாங்கள் இருந்த ஹைம் என்ற அகதிகள் விடுதியில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே குசினி. எனக்கு ஒரு பக்கம் ஈரான்காரி பர்வீன், மறுபக்கம் ஈராக்காரி சுவாத். இரண்டு நாடும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த காலம். ஆனால் இரண்டு சட்டியிலும் அந்தக் காய்தான் கொதிக்கும். பர்வீனுக்கு அது ஓமான் தேசிக்காய். சுவாத்துக்குத் தன் ஊர்ப் பெயரில் பஸ்ராத் தேசிக்காய். அரைகுறை ஜெர்மனில் அதற்கொரு செல்லச் சண்டை, தீர்ப்புச் சொல்ல நான். சிரிக்காதீர்கள், எந்தச் சட்டியில் ருசி பார்த்தேனோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் பர்வீனுக்கு டெலிபோன் வந்தது. போர்முனைக்கு இழுத்துப் போன அவளுடைய தம்பி செத்துவிட்டான். குசினிக்குள் வந்து சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் மடைச்சி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எவ்விடத்தில?" என்று கேட்டேன்.

"பஸ்ராவில."

சுவாத் கிளறிக்கொண்டு நின்ற சட்டியிலிருந்து அந்த மணம் வந்துகொண்டிருந்தது.

நான் வெங்காயம் வெட்டிய கத்தியை பர்வீன் எடுத்ததைக் காணவில்லை. திரும்பியபோது அது சுவாத்தின் கழுத்தில் இருந்தது, ரத்தம் கசிந்தது. சுவாத் தள்ளவில்லை.

"வெட்டு. உங்கட ஷெல் எங்கட வீட்டில விழுந்தது. உள்ளுக்க என்ர மகள் நித்திரை. என்னையும் முடி," என்றாள்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பர்வீன் இன்னும் அழுத்தினாள். கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தபோது பின்மதில் பாய்ந்து ஓடிய வீராங்கனை நான். அன்று எங்கிருந்து வந்த துணிவோ, கத்தியின் அலகைப் பொத்திப் பிடித்தேன். அவள் இழுத்தாள். கை பிளந்தது. நிலமெல்லாம் ரத்தம். மூன்று பேரும் மூன்று பாஷையில் குளறினோம்.

பொலிஸ் வந்தது. உண்மை தெரிந்தால் பர்வீனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். சுவாத் கழுத்தில் துணியை அழுத்திக்கொண்டு, "சமைக்கேக்க தவறிப் பட்டது," என்றாள். பொலிஸ்காரன் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டு போனான்.

"உமக்கென்ன விசரே? அவையின்ர சண்டைக்குள்ள ஏன் போனனீர்?" என்று என் அவர் ஏசினார். சுவாத் குடும்பத்தை அந்தக் கிழமையே வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

யுத்தம் முடிந்த செய்தியை பர்வீனும் நானும் ஒன்றாகத்தான் ரேடியோவில் கேட்டோம். துருக்கிச் சுல்தானும் ஈரான் ஷாவும் ஆண்ட நாளிலிருந்து இழுபட்ட எல்லை. இத்தனை சனத்தைக் கொன்றும் கோடு பழைய இடத்திலேயே நின்றது. பர்வீன் என் கையை விரித்துத் தழும்பைப் பார்த்தாள். "சுவாத் எங்க எண்டு விசாரிச்சுச் சொல்லுவியா?" என்றாள். விசாரித்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

அந்த ஹைமை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பர்வீனும் இப்போது உயிரோடு இல்லை. கடைக்காரரிடம் கால் கிலோ பஸ்ராத் தேசிக்காய் கேட்டேன். ஓமான் தேசிக்காய்தான் இருக்கிறது என்றார். சரி, அதையே தாருங்கள் என்றேன். நான் இனி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சண்டைக்கு வர ஒருத்தியும் இல்லை.