அம்மாவின் ஜன்னலில் இன்னும் வெயில்

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூரியனைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். தினமும் அதோடு சேர்ந்து வேலை செய்கிறேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது என் தொழில். வெளிச்சம் வருவதற்குள் மரங்களைக் கீறி, தேங்காய்ச் சிரட்டையில் சொட்டுகிற பாலைச் சேர்த்து, உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அழுத்திக் கொடியில் போடுவேன். அதோடு என் பங்கு முடிந்தது. மிச்ச வேலை சூரியனுக்கு. வெள்ளை வேட்டி போலத் தொங்குகிற ஷீட் வெயிலிலும் காற்றிலும் மெல்ல மெல்லத் தேன் நிறமாகும். நான் கொடிக்குப் பக்கத்தில் படுத்து அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். டீ கேட்காத, லீவு கேட்காத கூட்டாளி என்று சூரியனை நினைத்துக்கொள்வேன். அந்தக் கூட்டாளிக்கும் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியாது. அதை என் மகள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள்.

"அப்பா, சூரியன் நெருப்புக் கக்குமாம். டீச்சர் சொன்னாவ. அது இங்கவரை வருமாம். கரண்டு போவும், போன் போவும், எல்லாம் போவும்."

அவள் நாலாம் வகுப்பு. கீழே ஒரு தம்பி, இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாதவன். இவர்கள் அம்மா கல்ஃபில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு நர்ஸாவது அப்படிப் போயிருப்பாள். ஒவ்வொரு நாளும் இங்கே குடும்ப ஜெபம் முடிந்து இருட்டுகிற நேரத்தில் வீடியோ காலில் வருவாள். அவளுக்கு அப்போதுதான் ராத்திரி டூட்டிக்குக் கிளம்புகிற நேரம். இங்கே மரங்களெல்லாம் கறுத்துப் போயிருக்கும். அங்கே அவள் ஜன்னலில் இன்னும் வெயில் இருக்கும். பாதி முகம் மஞ்சளாக, பாதி முகம் நிழலாக, தலையை வாரிக்கொண்டே பேசுவாள். இங்கே முடிந்துபோன பகல் அங்கே மிச்சமிருப்பதைப் பார்க்க, ஏதோ கனவுக்குள் இன்னொரு கனவைத் திறந்து பார்ப்பது போல இருக்கும்.

மகள் கேட்டாள்: "அம்மா பேசது இங்க எப்படி வருது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போனிலிருந்து டவருக்கு, டவரிலிருந்து கேபிளுக்கு, கேபிள் கடலுக்கு அடியில் கிடந்து இந்தப் பக்கம் ஏறி, மறுபடியும் டவர், பிறகு நம்ம போன்.

"சூரியன் கக்கினா அது அறுந்து போவுமா?"

பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "ரொம்பப் பெருசா வந்தா, கொஞ்ச நாள் கிடைக்காமப் போவலாம் மக்கா" என்றேன். அவள் தம்பியின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் வேறொரு காரியமும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. என் மனைவியின் ஒப்பந்தம் முடிகிற சமயம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை டூட்டி முடிந்து வரும்போது பதில் சொல்ல வேண்டும். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசுவோம். நான் பிள்ளைட்டதான் கேப்பேன். அவ சொல்லதுதான்" என்று சொல்லியிருந்தாள். என்ன சொல்லப்போகிறாய் என்று நான் மகளிடம் கேட்டால், "அம்மாட்டதான் சொல்லுவேன்" என்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்.

"தம்பீ! பிளக்கை எல்லாம் ஊரிப் போட்டியா? சூரியன் பொட்டியாச்சாம்! வாட்சப்புல வந்து கிடக்கு. இன்னைக்கு முழுக்கப் போனைத் தொடப்பிடாதாம்."

"யாரு அனுப்பினது?"

"யாரு அனுப்பினா என்ன? எனக்க தங்கச்சி மார்த்தாண்டத்துல இருந்து அனுப்பினா. அவளுக்கு அவளுக்க நாத்தனார் அனுப்பினா. பொய்யா சொல்லுவாவ?"

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையடிவாரம். ஐப்பசியில் மத்தியானம் ஆனால் இடி மரத்தில் விழும், தென்னையில் விழும், கம்பி வழியே வீட்டுக்குள் வந்து டிவியைக் கருக்கிவிட்டுப் போகும். அதனால் மேற்கே கறுத்ததும் கைக்குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குகிற ஜனங்கள் நாங்கள். பிளக்கைப் பிடுங்கு, கேபிளைக் கழற்று, கம்பிப் பக்கம் போகாதே. அந்தப் பழக்கத்தில், சூரியன் வெடித்தது என்றதும் தெரு முழுக்க என்ன செய்தது தெரியுமா? ஒரு துளி மேகமில்லாத வானத்துக்குக் கீழே எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்கள். மிக்ஸி, பிரிட்ஜ், வைஃபை பெட்டி, ஒன்றையும் விடவில்லை. போனையும் அணைத்து வைத்தார்கள். நான் அதற்கும் மேலே போனேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஷீட்டுகளை அள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினேன்.

"அது எதுக்கு தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"உருகிப் போனா?"

"அப்ப நீ ஏன் வெயில்ல நிக்கா?" என்று சொல்லி அவள் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் அவளும் கையில் பிரிட்ஜின் வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

என் கணக்கு இதுதான்: சூரியன் சாய்ந்தால் ஆபத்தும் சாய்ந்தது. ஜெபம் முடிந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிடலாம், அவள் காலும் வந்துவிடும்.

சூரியன் ரப்பர்க் காட்டுக்குப் பின்னால் இறங்கியது. ஜெபம் செய்தோம். நான் விளக்கைப் போட்டேன், வைஃபை பெட்டியைப் போட்டேன். போனைத் தேடினேன். மேசையில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை.

"மக்கா, போன் எங்க?"

"ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"எங்க?"

"சொல்லமாட்டேன். சூரியனுக்குத் தெரியாத எடத்துல."

"சூரியன் போயாச்சே. பாரு, இருட்டியாச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வை, பெரியவர்கள் ஒன்றும் தெரியாத சிறுசுகளைப் பார்க்கிற பார்வை. "இங்க போயாச்சு. அம்மாக்க ஜன்னல்ல வெயில் கிடக்குமே அப்பா! அந்தப் பக்கம் புடிச்சா கம்பி வழியா இங்கவரை வந்திரும். இடி வராதா அதுமாதிரி. எல்லாம் கரிஞ்சு போனா நாளைக்கும் அம்மா இல்ல, மறுநாளும் இல்ல. இன்னைக்கு ஒரு நாள் பேசாண்டாம்."

 அவள் சொன்னதில் தப்பு எது, சரி எது என்று பிரிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் அவளுடைய டீச்சரிடம் போய்க் கேட்டேன். டீச்சர் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சூரியன் வெடிப்பது உண்மை. அந்த வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் இங்கே வந்துவிடும். சில சமயம் அதோடு சேர்ந்து, மின்சாரம் ஏறிய பெரிய மேகம் ஒன்றும் கிளம்பும். அது பையத்தான் வரும், ஒரு நாளோ ரெண்டு மூன்று நாளோ ஆகும். நம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பூமியைச் சுற்றிக் காந்தமும் காற்றும் போர்வை மாதிரி இருக்கின்றன. வீட்டுக்குள் இருக்கிற சின்னப் போனை அது இடி மாதிரித் தேடி வராது. நீளமானதைத்தான் அது பிடிக்கும். மலை தாண்டிப் போகிற மின்கம்பி, அந்தக் கம்பியின் நுனியில் இருக்கிற பெரிய டிரான்ஸ்பார்மர். அப்புறம், உயரத்தில் இருக்கிற சாட்டிலைட்டுகள். கடலுக்கு அடியில் கிடக்கிற கேபிளில் பேச்சை வெளிச்சமாக்கிக் கொண்டுபோவது கண்ணாடி நூல்தான், ஆனால் வழியில் அந்த வெளிச்சத்தைத் தூக்கிவிடுகிற பெட்டிகளுக்குக் கரண்டு வேண்டும், அந்தக் கரண்டுக்குக் கூடவே நீளமான செம்பும் போகிறது. தந்திக் காலத்திலேயே ஒருமுறை அப்படி வந்து, தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்ததாம்.

இவ்வளவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. "அது இடி மாதிரி இல்ல மக்கா, நீளமான கம்பியத்தான் பாதிக்கும்னு எங்கயோ கேட்ட ஞாபகம்" என்று மட்டும் சொன்னேன்.

"அம்மாக்க கம்பி எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள்.

 எங்கள் வீட்டில் அதைவிட நீளமானது எது இருக்கிறது?

போன் எங்கே என்று மிரட்டிக் கேட்டிருக்கலாம். நேரம் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி டூட்டிக்குப் போய்விட்டால் போனை லாக்கரில் வைத்துவிடுவாள். பிறகு காலையில் நேராகப் போய்ப் பதில் சொல்லிவிடுவாள், மகள் என்ன நினைத்தாள் என்று தெரியாமலே.  ஆனாலும் மிரட்ட வாய் வரவில்லை. வாசற்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சின்னவன் என் மடியில்.

இருட்டில் தவளை கத்தியது. நான் என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சூரியப் புயல் நிஜமாகவே வந்துவிட்டால்? மார்த்தாண்டம் மேம்பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கீழே வண்டிகள் ஹாரன் அடிக்காமல் மாடுகள் மாதிரி நிற்கின்றன. ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் நிலா வெளிச்சத்தில் நிற்கின்றன, காற்று வந்து தொட்டுத் தொட்டுப் போகிறது, கொடுக்கிற கரண்டை வாங்கத்தான் ஆளில்லை. ஆழ்கடலில் கிடக்கிற படகுக்காரன் கையிலிருக்கும் கருவி அவனைத் தப்பான இடத்தில் காட்டுகிறது. டேங்கில் தண்ணீர் ஏறவில்லை, பெட்ரோல் பம்பு ஓடவில்லை, மாத்திரைக் கடையில் பிரிட்ஜ் ஓடவில்லை. தூரத்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் மட்டும் உறுமுகிறது. அந்த வார்டில் ஒருத்தி ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து குனிந்து பார்க்கிறாள். அவள் முகம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட நினைக்கிறேன். எதை எடுத்துக் கூப்பிடுவது?

அந்த நினைப்பிலிருந்து என்னை எழுப்பியது சின்னவன்தான். "அம்மா எங்க?" என்றான். வேறொன்றுமில்லை, எப்போதும் கேட்கிற கேள்வி.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மகளிடம் கேட்டேன்: "ஏட்டி, சூரியன் பொட்டினது உனக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு அத்தை."

"அம்மாட்ட யாரு சொன்னா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு எழுந்து ஒரே ஓட்டம். அடுக்களையில் அரிசி டிரம்மின் மூடி தரையில் உருளுகிற சத்தம் கேட்டது. துண்டில் சுற்றி, அரிசிக்குள்ளே முழங்கை ஆழத்துக்குப் புதைத்து வைத்திருந்தாள். நனைந்த போனை அரிசியில் போடுவதைப் பார்த்திருக்கிறாள். போன் கெட்டுப்போகாமல் இருக்க அதுதான் இடம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

போனை உயிர்ப்பித்ததும் அது நடுங்கத் தொடங்கியது. எத்தனை தவறிய அழைப்புகள்! எண்ணுவதற்குள் அடுத்த அழைப்பே வந்துவிட்டது. திரையில் அவள் முகம். யூனிபார்மில், தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் கத்தினாள்: "அம்மா, வெயில்ல நிக்காத! உள்ள போ! சூரியன் பொட்டியாச்சு!"

"எங்க போனிய எல்லாரும்?" என் மனைவியின் குரல் உடைந்தது. "எவ்வளவு நேரமா அடிக்கேன்! அக்கா வீட்டுக்கு அடிச்சேன், கடைக்கு அடிச்சேன், ஒருத்தருக்க போனும் வேலை செய்யல்ல. பிள்ளைங்களுக்கு என்னமோ ஆச்சுன்னு... நீங்க எதுக்காக்கும் இருக்கிய அங்க?"

அந்தக் கடைசி வரி எனக்கு.  மகள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். பிளக்கு, ஷீட்டு, அரிசி டிரம். கேட்கக் கேட்க என் மனைவி அழுகையும் சிரிப்புமாகத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டூட்டி வண்டி வந்து ஹாரன் அடித்தது. கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "செரி, சொல்லு மக்கா. உன்னட்ட ஒரு காரியம் கேக்கணும்னு இருந்தேன்லா" என்றாள்.

 மகள் சொன்னாள்: "நான் அங்கயே இருன்னு சொல்லதுக்குத்தான் வெச்சிருந்தேன். தைரியமா சொல்லணும்னு படிச்சும் வெச்சிருந்தேன். இப்ப சொல்லமாட்டேன். கம்பி ரொம்ப நீளம் அம்மா. நீ வா."

மறுபடியும் ஹாரன். என் மனைவி வண்டியைப் பார்க்கவில்லை. "ஆறு மாசம்" என்றாள். "புது ஆளுக்குச் சொல்லிக்குடுக்க அவ்வளவு வேணும். ரெண்டு வருஷம் எல்லாம் இல்ல. காலையில சொல்லிருவேன்." என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சின்னவனை அணைத்துப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆறு மாசத்துக்குள்ள சூரியன் பெருசா பொட்டிச்சுன்னா?" மகள் விடவில்லை. "பிளேன் ஓடாம, போனும் இல்லாம ஆச்சுன்னா?"

"நடந்து வருவேன்."

"கடல் இருக்கே."

"கடலைச் சுத்தி நடப்பேன். கொஞ்ச நாள் பிந்தும். நீ பேடிக்காம, பயப்படாம இரு. லைன் இல்லன்னா அம்மா இல்லன்னு அர்த்தமில்ல, அம்மா வழியில வந்துட்டு இருக்கான்னு வெச்சுக்க."

மகள் இதை நன்றாக யோசித்தாள். பெரிய கணக்கு ஒன்றைப் போடுகிற மாதிரி நெற்றி சுருங்கியது.

"அப்ப இந்த ஆஸ்பத்திரிச் செருப்பு போதாது" என்றாள். "நாளைக்கே நல்ல செருப்பாப் பாத்து ஒண்ணு வாங்கும்மா."