பெப்ரவரி முட்டைகள்

கனடாவில், பிக்கரிங்கில், எங்கள் தெரு முழுதும் ஏப்ரல் வருமட்டும் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும். என் மனுசி புனிதவதி மட்டும் அடங்கமாட்டாள். பேக்கரி வேலை முடிந்து வந்ததும் கனத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்வளவுக் காட்டுக்குள் இறங்கிவிடுவாள். நரி போன தடம், மரப்பட்டை கடிக்கும் மான், உறைந்த ஓடையில் வழுக்கி விழுந்த வாத்து என்று வந்து சொல்வாள். நான் ஹீற்றரடியில் இருந்து உம் கொட்டுவேன். இருபது வருசமாக இதுதான் எங்கள் குளிர்காலம்.

இந்த முறை எங்கள் வேலியோரப் பைன் மரத்தில், பருந்து விட்டுப்போன பழைய கூட்டில், பெரிய ஆந்தையொன்று முட்டையிட்டு உட்கார்ந்தது. கொட்டும் பனிக்குள் அடைகாக்கிற பறவையை நான் கேள்விப்பட்டதேயில்லை.

"கொஞ்ச நேரம் எழும்பினாலே முட்டை விறைச்சுப் போயிடும். புருசன்காரன்தான் சாப்பாடு கொண்டுவந்து குடுக்கிறான்" என்றாள் புனிதம். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் புருசன்காரன் ஒருநாள் பொழுதுபட்டு மைம்மலாகிற நேரத்தில் அலறத் தொடங்கினான். எனக்கோ மறுநாள் இருதய ஒப்பரேசன்.

துணைக்கென்று ரெக்ஸ்டேலிலிருந்து வந்திருந்த அக்காவின் முகம் அலறலைக் கேட்டதும் கறுத்துப்போனது. அப்பா செத்த கிழமையும் கூரையில் ஆந்தை கத்தியதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழும்பிப்போய் யன்னல் திரையை இழுத்து மூடினேன்.

அக்கா குசினிக்குள் போய்ச் சட்டியையும் அகப்பையையும் தூக்கினாள். "நாளைக்குத் தம்பியை வெட்டப் போறாங்கள். உந்த ஆந்தையைக் கலைச்சுப்போட்டுத்தான் எனக்கு மற்ற வேலை."

புனிதம் பின்கதவை மறித்தாள். "மச்சாள், அது முட்டையோட இருக்கு. இந்தக் குளிரில எழுப்பினா எல்லாம் செத்துப்போகும்."

"உனக்கு என்ர தம்பியை விட உந்த முட்டை பெரிசோ?"

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. கதவிலிருந்து கை தானாக விழுந்தது. யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அப்படி வழிவிட்டதைப் பார்க்க எனக்கு விசர் வந்தது.

அக்கா முற்றத்தில் இறங்கிச் சட்டியில் அடித்தாள். கூட்டுக்குள் ஆந்தை தலையைத் தூக்கியது. இன்னொரு அடி. இறகை விரித்துக்கொண்டு பாதி எழும்பிவிட்டது. குளிர்காற்று பட்டால் நெஞ்சுக்கு ஆபத்து என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் சறத்தோடும் செருப்போடும் இறங்கி மரத்தடிக்குப் போய் நின்றேன். மூச்சு பாதியில் அடைத்தது.

"நல்லா அடி அக்கா. அது போகுமட்டும் நானும் இஞ்சதான் நிக்கிறன்."

புனிதம் அழுதுகொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, உள்ளுக்கு வாங்கோ. முட்டை போனாப் போகட்டும். நீங்கள் வாங்கோ."

அக்கா என் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருக்க வேண்டும். சட்டியை அப்படியே பனிக்குள் போட்டுவிட்டு வந்து என் மற்றக் கையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஆந்தை மறுபடி அமர்ந்துகொண்டிருந்தது.

விடிய ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டபோது பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. புனிதம் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு வீட்டைச் சுற்றி ஓடினாள். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

பின் சீற்றிலிருந்து அக்கா கேட்டாள், "உயிரோடயோ?"

"ஓம் மச்சாள். முதுகெல்லாம் பனி மூடிக் கிடக்கு. கண்ணை முழிச்சுக்கொண்டு அப்பிடியே இருக்கிறாள்."

அக்கா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

"அப்பச் சரி. காரை எடு."