கேரவனில் வந்த தாய்மாமன்

சினிமாக்காரர்கள் உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொள்ளும் கேரவனில் எங்கள் அப்பா ஒரே ஒரு முறை போயிருக்கிறார். கூடவே நானும் போனேன். அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட நம்பவில்லை, தலையிலடித்துச் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. போகட்டும், நீங்களாவது நம்புங்கள்.

அப்பா சுருளிப்பட்டியில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றும் வேலை பார்த்தவர். ஒருநாள் லோடு மேல் நின்று இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்துவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நடக்கவில்லை. முதுகில் அடி என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். முதுகில் அடிபட்டால் கால் ஏன் நடக்காது என்று கேட்கிற அளவுக்கு எனக்கு மூளை இல்லை.

அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, சின்னமனூரில் வாக்கப்பட்டவள். அவள் மகளுக்கு ஒரு வயது முடிந்து, காது குத்த நாள் பார்த்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது. சீர்த்தட்டும் அவர் வீட்டிலிருந்துதான் போகவேண்டும். அப்பா, வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தை போனில் ஒரே வரியில் பதில் சொன்னாள்.

"எங்கண்ணே மடி இல்லாட்டி எம்மகளுக்குக் காதே வேணாம்."

காரில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக அப்பாவால் முடியாது. ஆம்புலன்ஸ் சொல்லலாமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "ஆம்புலன்ஸ்ல சீர் கொண்டு போற தாய்மாமன நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்றார். நியாயமான கேள்விதான்.

பதில் மாமாவிடம் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தேனியில் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் ஒரு கேரவனுக்கு அவர்தான் டிரைவர். போடிப் பக்கம் ஒரு ஷூட்டிங் முடிந்து வண்டி இரண்டு நாள் சும்மா நின்றது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு எடுத்து வந்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. "மெத்தை இருக்கு, ஏசி இருக்கு. கண்ணாடி பூராம் கறுப்பு மச்சான், வெளியில நிக்கிறவனுக்கு உள்ள ஒண்ணுமே தெரியாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அப்பா சம்மதித்தார். ஒரே தோளில் இரண்டு தார் சுமந்து சின்னமனூர் கமிஷன் மண்டியில் பேர் வாங்கியவர் அவர். தூக்கிச் சுமக்கப்படுகிற ஆளாக அந்த ஊருக்குள் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காலையில் கிளம்பினோம். சுற்றிலும் குண்டு பல்பு பதித்த மேக்கப் கண்ணாடி முன்னால், சுழல் நாற்காலியில், பட்டுப் பாவாடையோடு நான். எத்தனை சுற்றுச் சுற்றினேனோ! அப்பா படுத்தபடி ஜன்னலையே பார்த்து வந்தார். மாதக்கணக்காக எங்கள் வீட்டுக் கூரையைத் தவிர எதையும் பார்க்காத மனுஷன். கம்பம் தாண்டியதும் திராட்சைப் பந்தல்களைப் பார்த்து, "இங்கன காய் வெட்டிட்டாங்க, அங்கன இன்னும் வெட்டல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உத்தமபாளையத்தில் ஆற்றுப்பாலம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். மாமா சம்பளமில்லாமல் செய்த எத்தனையோ வேலைகளில் இதற்குத்தான் அவரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்.

சின்னமனூர் பழைய ஊர். பாண்டியர் காலத்துச் செப்பேடு கிடைத்த ஊர் என்று பின்னால் பாடத்தில் படித்தேன். தேர் ஓடும் வீதியை அகலமாக விட்ட புண்ணியவான்கள், அதற்குள் நுழைகிற சந்தில் ஒருநாள் கேரவன் வரும் என்று யோசிக்கவில்லை. எதிரே ஒரு மினி பஸ் வந்து நின்றது. மாமாவும் நிறுத்தினார். அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ, ஒரு நிமிஷத்தில் வண்டியைச் சுற்றிக் கூட்டம்.

"உள்ள யாருண்ணே?"

"யாருமில்லப்பா. எங்க மச்சான் படுத்திருக்காக."

கொல்லென்று சிரித்தார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் ஷூட்டிங் பார்த்துப் பார்த்துத் தேறியவர்கள். சின்ன நடிகர் என்றால் டிரைவரே பெருமையாகப் பேரைச் சொல்லிவிடுவார், யாருமில்லை என்று சொன்னால் பெரிய ஆள்தான் என்பது அவர்கள் கணக்கு. மாமா சத்தியம் பண்ணப் பண்ண அந்த ஆள் இன்னும் பெரியவராகிக்கொண்டே போனார்.

அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜன்னலைத் தொடாதே என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். எனக்கோ கை பரபரத்தது. கண்ணாடியை ஒரு சாண் தள்ளி, கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினேன். அடேயப்பா, என்ன விசில்! அதற்கப்புறம் ஒருத்தரும் நகர்வதாக இல்லை.

பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. அத்தை போன் மேல் போன் அடித்தாள். அந்த ஏசியிலும் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "திருப்பு மாப்ள, வீட்டுக்குப் போயிருவோம்" என்றார். மாமா ஹாரனை அடித்துப் பார்த்தார். "திருப்புடாங்கிறேன்ல!"

அப்போதுதான் அம்மா எழுந்தாள். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரல் அவளுக்கு. சீர்த்தட்டு ஒன்றைக் கையில் எடுத்தாள், கதவைத் திறந்தாள், படியில் நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. உள்ள இருக்கது எம் புருசன். எந்திரிச்சு நடக்க மாட்டாக. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் கொண்டு போறாக. நேரம் போகுதுய்யா."

முன்னால் நின்ற பூக்காரம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூட்டம் கப்பென்று அடங்கியது. பின்னாலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் முண்டியடித்து வந்து உள்ளே பார்த்தார். மண்டியில் தார் இறக்குகிறவர்.

"ஏலே, நம்ம சுருளிப்பட்டி அண்ணேன்டா!"

திரும்பிப் போய்விடுவார் என்று பார்த்தால், மேலே ஏறி வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "துண்ட எடுங்கண்ணே. தாய்மாமன் மூஞ்சிய மூடிக்கிட்டா வருவாக?" என்றார். அப்பா எடுக்கவில்லை. அவர் தானே மெதுவாக எடுத்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியை முழுசாகத் திறந்துவிட்டார்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். மினி பஸ்ஸைத் தள்ளாத குறையாகப் பின்னால் எடுக்க வைத்தார்கள். ஏழு சீர்த்தட்டையும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். கோயில் வாசலில் வேறு ஏதோ கல்யாணத்துக்குக் காத்திருந்த மேளக்காரர்களை ஒருவர் கையோடு கூட்டி வந்தார். பூக்காரம்மா தன் கூடையிலிருந்த முழு மாலையை ஜன்னல் வழியாக அப்பா கழுத்தில் போட்டாள். நடிகரைப் பார்க்க வந்த கூட்டம் முன்னால் நடக்க, மேளம் கொட்ட, தேர் வீதியில் எங்கள் கேரவன் தேர் மாதிரியே ஊர்ந்தது. ஒருவர் பேரும் எங்களுக்குத் தெரியாது. அந்த ஊர் நன்றாக இருக்கவேண்டும்.

காதுகுத்து நடக்கிற மண்டபத்துக்குப் பதினொரு படி. தூக்கிவிடலாம் என்று நாலு பேர் முன்னால் வந்தார்கள். அதற்குள் அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்து வண்டிக்குள் ஏறிவிட்டாள். "எங்கண்ணே மடி எங்கன இருக்கோ, அங்கனதான் காதுகுத்து" என்றாள். ஆசாரியும் ஏறினார். மாமா மேக்கப் பல்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டார். "இம்புட்டு வெளிச்சத்துல நான் காது குத்துனதே இல்லப்பா" என்று ஆசாரி அசந்துபோனார்.

முதுகுக்குச் சாய்மானமாக மாமா உட்கார்ந்து அப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். மடியில் பிள்ளை. ஊசி இறங்கியதும் வீல் என்று கத்தி, கையோடு அப்பாவின் வேட்டியையும் நனைத்துவிட்டாள். வண்டிக்குள்ளும் வெளியிலும் ஒரே சிரிப்பு. எல்லாரும் சிரித்த பிறகு, என்னவென்று குனிந்து பார்த்துவிட்டு அப்பாவும் சிரித்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு கேட்டார்.

"ஆத்தா, ரொம்ப நனைஞ்சிருச்சா?"

நான் தொட்டுப் பார்த்தேன். "தொப்பலா நனைஞ்சிருச்சுப்பா."

"சூடா இருக்கா?"

தன் வேட்டி நனைந்ததை யாராவது அடுத்த ஆளிடம் கேட்பார்களா? விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "அத்த, இங்க பாரு, அப்பாவுக்குச் சூடா இருக்கான்னே தெரியலையாம்!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

வெளியில் இருந்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்து இழுத்து, பிள்ளையின் காலடியில் அந்த ஈரத்தின் மேல் வைத்தாள். "வெதுவெதுன்னு இருக்குண்ணே" என்றாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். மூத்திரத்தில் போய் இவ்வளவு நேரம் எதற்குக் கையை வைத்திருக்கிறார் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.